கேப் டவுன் மேசை மலையில் ஓட்டம்: தூரத்தை விடுங்கள், காற்றையும் இறங்கும் வழியையும் பாருங்கள்

சென்னையில் கடற்கரைச் சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் ஓடிப் பழகியிருக்கிறீர்கள். அரை மாரத்தானை இரண்டேகால் மணி நேரத்தில் முடிக்கிறீர்கள். ஜனவரியில் அலுவலக வேலையாக மூன்று வாரம் கேப் டவுனில் தங்கப் போகிறீர்கள். மேசை மலைத் தேசியப் பூங்காவில் எந்தப் பாதைகளில் ஓடலாம், தனியாக உச்சிக்குப் போய்வரலாமா, சாலையில் 21 கி.மீ. ஓடுகிறவரால் அங்கேயும் அதே தூரத்தை ஓட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஊரில் சில ஆண்டுகள் வாழ்ந்து, வாரந்தோறும் அந்தப் பாதைகளில் ஓடியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிட்டால் மற்றவை எளிதாகிவிடும். முடியும், ஆனால் அந்தக் கணக்கே அங்கே பயன்படாது. அந்த மலையில் 6 கி.மீ. பாதை ஒன்று முக்கால் மணி நேரத்தில் முடியும், இன்னொரு 6 கி.மீ. பாதை மூன்று மணி நேரம் எடுக்கும். எந்தப் பாதை என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: அன்றைக்குக் காற்று எங்கிருந்து வீசுகிறது, ஏறிய பிறகு எந்த வழியாக இறங்கப் போகிறீர்கள். இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் வெறும் தூரத்தை வைத்துத் திட்டமிடுகிற வெளியூர்க்காரர்கள்தான் மலை மீட்புக் குழுவினருக்கு அதிக வேலை வைக்கிறார்கள்.

பூங்காவின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். கேப் டவுன் நகரின் தலைமேல் நிற்கிற சிக்னல் ஹில்லில் தொடங்கி, தெற்கே கேப் பாயின்ட் முனை வரை நீளும் ஒடுங்கிய தீபகற்பத்தின் மலைத்தொடர்தான் இந்தப் பூங்கா. ஒரு பக்கம் அட்லாண்டிக் பெருங்கடல், மறுபக்கம் ஃபால்ஸ் பே என்னும் விரிகுடா. 1998-இல் கேப் தீபகற்பத் தேசியப் பூங்கா என்ற பெயரில் அறிவிக்கப்பட்டு, 2004-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. நகரமும் பூங்காவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், வேலியும் வாயிலும் உள்ள காடாக இதை எண்ண வேண்டாம். பெரும்பாலான இடங்களில் குடியிருப்புத் தெரு முடிகிற இடத்திலேயே பாதை தொடங்கிவிடும், கட்டணமும் இல்லை. சில்வர்மைன் நீர்த்தேக்கப் பகுதி, தெற்கு முனையிலுள்ள நன்னம்பிக்கை முனைப் பகுதி போன்ற சில இடங்களில் மட்டும் நுழைவுக் கட்டணம் உண்டு.

மலையின் கல்லைப் புரிந்துகொண்டால் பாதைகள் தாமாகவே புரியும். மலையின் அடிப்பகுதி கிரானைட்டும் மிகப் பழைய களிப்பாறையும். அவை உதிர்ந்து சரிவான அடிவாரத்தைத் தந்திருக்கின்றன. அதன்மேல் பல நூறு மீட்டர் கனத்துக்கு மணற்பாறை அடுக்கு அமர்ந்திருக்கிறது. அது சரிவதில்லை, செங்குத்தாக உடைகிறது. எனவே அடிவாரச் சரிவுக்கும் மேலே உள்ள பாறைச் சுவருக்கும் இடையில், ஏறத்தாழ ஒரே உயரத்தில் மலையைச் சுற்றி ஓடும் பாதைகள் அமைந்துள்ளன. ஓடுவதற்கென்றே அமைந்தவை அவைதான். சுவரைக் கடந்து உச்சிச் சமவெளிக்குப் போக வேண்டுமானால், நீரோடை அறுத்த மலைப்பிளவுகளில் பாதை போடப்பட்ட சிலவற்றின் வழியாக மட்டுமே போக முடியும். மேலிருந்து பார்த்தால் எல்லாப் பிளவுகளும் ஒன்றுபோலவே தெரியும். இறங்குவதற்கு வழி இருப்பதுபோலவே தோன்றும். பாதி தூரம் இறங்கிய பிறகு நூறு மீட்டர் செங்குத்துப் பாறையில் போய் முடிகிற பிளவுகள் அவற்றில் பல. கீழே நகரத்தின் தெருக்கள் கைக்கெட்டும் தூரத்தில் தெரிவதால் இந்த ஏமாற்றம் இன்னும் ஆபத்தானது. ஏறாத பிளவில் இறங்கக் கூடாது என்பதை இந்த மலையின் முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் காற்று. நீங்கள் போகிற ஜனவரியில் தென்கிழக்குக் காற்று உச்சத்தில் இருக்கும். நகரத்தின் புகையை அடித்துக்கொண்டு போவதால் உள்ளூரில் அதைக் ‘கேப் டாக்டர்’ என்பார்கள். தொடர்ந்து மூன்று, நான்கு நாள் வீசுவதும் உண்டு, மலை முகடுகளில் அதன் வீச்சு மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. ஃபால்ஸ் பே கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் அந்தக் காற்று மலைமேல் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. உச்சிச் சமவெளியை மூடி, நகரப் பக்கத்து விளிம்பில் வழிந்து, கீழே இறங்க இறங்கச் சூடேறிக் கரைந்துவிடுகிறது. படங்களில் எல்லாம் பார்த்திருப்பீர்களே, மேசைமேல் வெள்ளை விரிப்பு விரித்ததாகச் சொல்லப்படும் மேகம், அது இதுதான். கீழே நின்று படம் எடுப்பவருக்கு நீலவானமும் நல்ல வெயிலும். அதே நேரத்தில் மேலே இருப்பவருக்குப் பத்து அடிக்கு மேல் கண் தெரியாத ஈரப்பனியும், வியர்வைச் சட்டையைத் துளைக்கும் குளிரும். மேகம் மலைமேல் உட்காரத் தொடங்கிவிட்டது என்றால் அன்றைக்கு உச்சிக்குப் போகாதீர்கள். ஏற்கெனவே மேலே இருந்தால், வந்த பாதையிலேயே உடனே திரும்புங்கள். உச்சிக்குப் போய்வரும் கம்பிவண்டியில் (கேபிள் கார்) இறங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் அப்போது உதவாது. 1929 முதல் ஓடும் அந்தக் கம்பிவண்டியைப் பலத்த காற்று வந்தால் நிறுத்திவிடுவார்கள். சுற்றுலாப் பயணிகளை அவசரமாக நிலையத்துக்கு அழைக்கும் ஊதல் ஒலி கேட்டால், காற்று ஏறிவிட்டது என்பதே அதன் பொருள்.

காற்று நாளில் ஓடவே முடியாது என்பதில்லை. இடத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கிழக்குச் சரிவிலுள்ள நியூலண்ட்ஸ் காட்டுக்குள் போய்விட்டால் மரங்கள் காற்றைத் தடுத்துவிடும். முகடுகள், ஃபால்ஸ் பேயைப் பார்த்த மலைகள், கேப் பாயின்ட் ஆகிய மூன்றும் அன்றைக்கு வேண்டாம். அட்லாண்டிக் பக்கம் காற்று மறைவாக இருக்கும் என்று வரைபடத்தைப் பார்த்து நினைக்கத் தோன்றும். ஆனால் கிளூஃப் நெக் கணவாயிலும் கேம்ப்ஸ் பே கடற்கரைக்கு மேலேயும் முகட்டைத் தாண்டி விழும் காற்று, திடீர்த் திடீரென்று ஆளைத் தள்ளும் வேகத்தில் அறையும்.

நீங்கள் நகர மையத்தை ஒட்டித் தங்குவதாகச் சொன்னதால், காற்றில்லாத முதல் காலையில் ‘பைப் டிராக்’ பாதைக்குப் போங்கள். கிளூஃப் நெக்கில் தொடங்கி, ‘பன்னிரு அப்போஸ்தலர்கள்’ என்று அழைக்கப்படும் பாறை முகடுகளின் அடியில், கேம்ப்ஸ் பே கடற்கரையை வலப்பக்கம் பார்த்தபடி தெற்கே போகிறது. மலைமேலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாயைப் பராமரிக்க 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போட்ட வழி அது. பழைய இரும்புக் குழாய்கள் இன்றும் பாதையோரம் கிடக்கின்றன. ஒரு வழி சுமார் 6 கி.மீ.; வேண்டிய இடத்தில் திரும்பிக்கொள்ளலாம். சம உயரப் பாதை என்றாலும் சமதரை அன்று: கற்படிகள், குட்டி ஏற்றங்கள், கணுக்காலைத் திருப்பும் உருண்டைக் கற்கள் எல்லாம் உண்டு. உங்கள் சாலை வேகத்தைவிட ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு, மூன்று நிமிடம் கூடினால் வியக்க வேண்டாம். காலையில் மலையின் நிழல் நீண்ட நேரம் இந்தப் பாதையின்மேல் விழுந்திருக்கும். பிற்பகலில் ஒரு துளி நிழலும் இருக்காது. ஆகவே இது கோடையில் விடியற்காலைப் பாதை. இதிலிருந்து மேலே பிரியும் பிளவுகளில் காஸ்டீல்ஸ்பூர்ட் நல்ல வழி. ஸ்லாங்கோலி பிளவோ கற்கள் பெயர்ந்து கிடக்கும் இடம், அதைத் தொட வேண்டாம்.

லயன்ஸ் ஹெட் குன்றைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 669 மீட்டர் உயரம். குன்றைச் சுற்றிச் சுருளாக ஏறும் பாதை. கடைசிப் பகுதியில் ஏணியும் சங்கிலியும். ஒரு முறை பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் ஓடுவதற்கு உகந்ததன்று: விடியலிலும் மாலையிலும் பௌர்ணமி இரவிலும் கூட்டம் மொய்க்கும், ஏணி அருகே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதன் இடுப்பைச் சுற்றி வந்து சிக்னல் ஹில் பக்கம் நீளும் தாழ்ந்த பாதை ஓட்டத்துக்கு எவ்வளவோ மேல்.

கிழக்குப் பக்கத்தின் சம உயரப் பாதை, அட்லாண்டிக் பக்கத்திலிருந்து முற்றிலும் வேறான உலகம். கான்ஸ்டான்ஷியா நெக் கணவாயில் தொடங்கி, 1913-இல் நிறுவப்பட்ட கர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்காவுக்கு மேலே சென்று, நியூலண்ட்ஸ் காட்டைக் கடந்து, ரோட்ஸ் நினைவிடத்துக்கு மேலே டெவில்ஸ் பீக் சிகரத்தின் தோளிலுள்ள கிங்ஸ் பிளாக்ஹவுஸ் என்ற பழைய பிரிட்டிஷ் காவல்மனை வரை அது போகிறது. மேகம் முட்டி நிற்கிற பக்கம் என்பதால் நகர மையத்தைவிடப் பல மடங்கு மழை பெறுகிற இடம். கோடையிலும் ஓடைகளில் ஓரளவு நீர் இருக்கும், வேர்கள் ஈரமாக இருக்கும், மரப்பலகை போட்ட இடங்கள் வழுக்கும். உள்ளூர் ஓட்டக்காரர்கள் வார நாட்களில் பயிற்சி செய்வது பெரும்பாலும் இங்கேதான். பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிளை பிரிவதால் முதல் முறை வழி தவறுவது இயல்பு. ஆனால் நியூலண்ட்ஸில் வழி தவறினால் கீழ்நோக்கிப் போனால் போதும், ஊர் வந்துவிடும். மலையின் வேறெந்தப் பக்கத்துக்கும் இந்த அறிவுரையைச் சொல்ல மாட்டேன்.

என்னைக் கேட்டால், மூன்று வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓட்டம் என்றால் சில்வர்மைனைத்தான் சொல்வேன். நகரத்துக்குத் தெற்கே, மலைத்தொடரின் நடுவில் இருக்கிறது. அங்கே வண்டியே மேட்டுநிலத்துக்குக் கொண்டுபோய் விடுவதால், பெரிய ஏற்றமில்லாமல் உயரத்தில் ஓடும் இன்பம் கிடைக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய சிறு நீர்த்தேக்கம் ஒன்றிலிருந்து புறப்பட்டு, ஜீப் போகும் அகலமான மண்பாதையில் நூர்ட்ஹூக் பீக் (754 மீ.) வரை ஏறித் திரும்பும் சுற்று 7–8 கி.மீ. இருக்கும். மேலே போய் நின்றால் ஒரு பக்கம் ஹவுட் பே துறைமுகமும் சாப்மன்ஸ் பீக் சாலையும், மறுபக்கம் பல கிலோமீட்டர் நீளும் வெண்மணல் கடற்கரையும் ஒரே பார்வையில் விழும். எலிஃபன்ட்ஸ் ஐ என்னும் பெரிய குகைவாய்க்குப் போகும் கிளையையும் சேர்த்துக்கொண்டால் தூரம் இன்னும் கூடும். சாலையில் ஓடிப் பழகிய கால் இங்கே உண்மையிலேயே ஓட முடியும், நடக்க வேண்டியிருக்காது. நிழல் இல்லை என்பதும், காற்று நாளில் முகடு தாங்காது என்பதும் மட்டுமே குறை. நுழைவாயிலுக்குத் திறக்கும் நேரம், மூடும் நேரம் உண்டு.

இனி உச்சி. உங்கள் கேள்வியின் மையமே இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நகரப் பக்கத்திலிருந்து நேராக மேலே போகும் வழி பிளாட்டெக்லிப் பிளவு. 1503-இல் அந்தோனியோ டி சல்தான்யா என்ற போர்த்துகீசிய மாலுமி ஏறியதாகப் பதிவாகியுள்ள வழியும் இதுவே என்பார்கள். டாஃபல்பெர்க் சாலையிலிருந்து மேல்விளிம்பு வரை சுமார் 3 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 650 மீட்டர் உயரம், முழுக்கக் கற்படிகள். அங்கே ஓடுவதென்ற பேச்சே இல்லை. போட்டிகளில் முதலிடம் பெறுகிறவர்களே பெரும்பகுதியைக் கையைத் தொடையில் ஊன்றி நடந்துதான் ஏறுகிறார்கள். நமக்கு மறந்துபோகும் ஒன்றை நினைவூட்ட வேண்டும்: தென்கோளத்தில் வடக்கு நோக்கிய சரிவில்தான் வெயில் விழும். பிளாட்டெக்லிப் வடக்கு நோக்கியது. ஜனவரியில் காலை ஒன்பது மணிக்குமேல் அந்தக் கற்படிகளில் ஏறுவது சித்திரை வெயிலில் ஏறுவதற்குச் சமம். ஐந்தரை மணியளவில் விடிந்துவிடும், விடியும்போதே காலை வைத்துவிடுங்கள்.

மேலே போனபின் வந்த படிகளிலேயே இறங்குவதை நான் விரும்புவதில்லை. ஏறும் கூட்டம் எதிரே வரும், முழங்கால் கெஞ்சும், ஓட்டம் என்பதே இருக்காது. பதிலாக மலையைக் குறுக்காகக் கடந்துவிடுங்கள். பிளவின் தலையிலிருந்து கிழக்கே சமவெளியில் மரப்பலகைப் பாதையும் பாறைப் பாதையுமாகச் சுமார் 2 கி.மீ. போனால், மலையின் மிக உயர்ந்த இடமான மெக்ளியர்ஸ் பீக்கன் (1,086 மீ.) என்ற கற்குவியல் வரும். வழியெங்கும் மஞ்சள் நிறக் காலடிக் குறிகள் பாறைமேல் தீட்டப்பட்டிருக்கும்.

அந்தக் கற்குவியலுக்கும் உங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1752-இல் லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் இங்கே பூமியின் வளைவை அளந்தபோது கிடைத்த விடை, தென்கோளத்தின் வடிவம் வடகோளத்திலிருந்து மாறுபட்டது என்று காட்டியது. 1820-இல் உடல்நலம் தேறுவதற்காகக் கேப்புக்கு வந்திருந்த ஜார்ஜ் எவரெஸ்ட், அளந்த இடங்களைச் சுற்றிப் பார்த்து, மலைகளின் ஈர்ப்பு தூக்குக்குண்டைப் பக்கவாட்டில் இழுத்ததால்தான் பிழை நேர்ந்திருக்க வேண்டும் என்று சொன்னார். 1840-களில் தாமஸ் மெக்ளியர் மறுபடியும் அளந்து அதை உறுதிசெய்தார். அந்த வேலைக்காக எழுப்பிய குறிதான் இந்தக் குவியல். எவரெஸ்ட் அப்போது யாருடைய உதவியாளர் என்றால், 1802-இல் பரங்கிமலை அடிவாரத்தில் இந்தியாவின் பெரும் நிலஅளவையைத் தொடங்கிய லாம்டனுடைய உதவியாளர்.

பீக்கனிலிருந்து தெற்கே ஸ்மட்ஸ் டிராக் வழியாக இறங்கினால் மலையின் பின்பக்க மேட்டுநிலம் வரும். நல்ல ஓட்டப் பாதை இங்கேதான் தொடங்குகிறது: மணல் கலந்த மெல்லிய பாதை, சிறு ஓடைகள், தேநீர் நிறத்து நீர். நகரத்துக்குக் குடிநீர் தர 1897-க்கும் 1910-க்கும் இடையில் கட்டி முடித்த ஐந்து நீர்த்தேக்கங்கள் மலைமேல் இருக்கின்றன. கையால் செதுக்கிய மணற்கல் அணைகள். கட்டுமானக் காலத்தில் பகுதி பகுதியாக மேலேற்றிய ஒரு குட்டி நீராவி இரயில் எஞ்சின் அங்குள்ள சிறு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அணைகளைக் கடந்து, ஆங்காங்கே கான்கிரீட் போட்ட ஜீப் பாதையில் கான்ஸ்டான்ஷியா நெக் வரை இறங்கிவிடலாம். கான்கிரீட் இறக்கம் தொடையைப் பதம் பார்க்கும், ஆனால் வழி தவறவே முடியாது. கணவாயில் உணவகம் இருக்கிறது. செயலியில் டாக்சி அழைத்து நகரத்துக்குத் திரும்பிவிடலாம். மொத்தம் 14–15 கி.மீ.; முதல் முறை போகிற உங்களுக்கு நாலரை மணி முதல் ஆறு மணி நேரம் வரை வைத்துக்கொள்ளுங்கள். உச்சியைத் தொட விரும்பும் சாலை ஓட்டக்காரர் யார் கேட்டாலும் நான் சொல்கிற வழி இதுவே. காரணம், இறங்கும் வழி தெளிவாக இருக்கிறது.

இதே வழியில் பாதியில் ஸ்கெலிட்டன் கோர்ஜ் என்ற பலகை கண்ணில் படும். அது கர்ஸ்டன்பாஷுக்கு நேராக இறங்கும் குறுக்குவழி. மர ஏணிகள், ஓடைக்குள்ளேயே போகும் பாறைகள், எப்போதும் ஈரமான பாசி. ஏறுவதற்கு அருமையான நிழல்வழி. இறங்குவதற்குக் கெட்ட வழி. கர்ஸ்டன்பாஷ் பக்கம் இறங்கியே ஆக வேண்டுமானால் அடுத்துள்ள நர்சரி ரவைனில் இறங்குங்கள். அங்கே படிகள் சீரானவை. டெவில்ஸ் பீக் (சுமார் 1,000 மீ.) இந்தப் பயணத்தில் வேண்டாம்.

தெற்கு முனையின் நன்னம்பிக்கை முனைப் பகுதிக்கு விடுமுறை நாள் ஒன்றை ஒதுக்கலாம். மலை தாழ்ந்து, கடற்கரை ஓட்டமாக மாறுகிற இடம். ஓலிஃபன்ட்ஸ்போஸ் கரையிலிருந்து தொடங்கும் சிறு சுற்றில், 1942-இல் தரைதட்டிய தாமஸ் டி. டக்கர் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலின் துருப்பிடித்த பாகங்களைத் தாண்டி ஓடலாம். நெருப்புக்கோழியும் பான்டபாக் மானும் பாதையைக் கடக்கும். பபூன் குரங்குகள்தான் தொல்லை. உணவு கண்ணில் பட்டால் பையைப் பறிக்கும், ஆகவே அவற்றின் எதிரே வாழைப்பழத்தை வெளியில் எடுக்காதீர்கள்.

தனியாகப் போகலாமா என்பதற்கு என் விடை: வேண்டாம். காரணம் மலை மட்டுமன்று. நகரத்தை ஒட்டிய பாதைகளில் வழிப்பறி நடக்கிறது. கத்தியைக் காட்டிக் கைப்பேசியையும் கடிகாரத்தையும் பறிப்பது வழக்கமான முறை. சிக்னல் ஹில் சரிவு, ரோட்ஸ் நினைவிடத்தைச் சுற்றிய காடு, ஹவுட் பேக்கு மேற்கேயுள்ள கார்பன்கெல்பெர்க் போன்ற இடங்களில் இது அடிக்கடி கேட்கிற செய்தி. கடைசியாகச் சொன்ன இடத்துக்குப் போகவே வேண்டாம். நால்வருக்குக் குறையாமல் போகச் சொல்வதே அங்கே வழக்கமான அறிவுரை. நல்ல வேளையாக, ஊரிலுள்ள ஓட்டக் குழுக்கள் வார நாட்களின் மாலையிலும் சனி, ஞாயிறு காலையிலும் கூட்டாக ஓடுகின்றன. ஜனவரியில் எட்டு மணி வரை வெளிச்சம் இருப்பதால் அலுவலகம் முடிந்து சேர்ந்துகொள்ளலாம். வெளியூர்க்காரர்களைச் சேர்த்துக்கொள்ள அவர்கள் தயங்குவதில்லை. டிரெயில் ஷூ எனப்படும் மலைப்பாதைக் காலணி விற்கும் கடைகளில் கேட்டாலே வழி சொல்வார்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்திருங்கள்; பிளவுகளுக்குள் சிக்னல் கிடைக்காது. கைப்பேசியிலிருந்து அழைக்க அவசர எண் 112.

பையில் என்ன இருக்க வேண்டும் என்றால்: கீழே எவ்வளவு வெயிலாக இருந்தாலும் காற்றுத் தடுக்கும் மெல்லிய சட்டை ஒன்று, உச்சிக்குப் போகும் நாளில் இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பு, தொப்பி, சிறிய ஹெட்லேம்ப். ஓடை நீரின் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஃபின்பாஸ் எனப்படும் இந்த மலையின் இயற்கைப் புதர்களின் சாறு தரும் நிறம் அது; ஆனாலும் வடிகட்டி இல்லாமல் குடிக்காதீர்கள். மணற்பாறை உலர்ந்திருக்கும்போது காலைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே மிக ஆழமான பல் வைத்த காலணி தேவையில்லை. நடுத்தரமான டிரெயில் ஷூ போதும். சாலைக் காலணியில் பைப் டிராக்கையும் சில்வர்மைனையும் சமாளிக்கலாம், பிளவுகளைச் சமாளிக்க முடியாது.

செடிகளில் ஒன்றை மட்டும் முகம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ‘பிளிஸ்டர் புஷ்’ என்பது கொத்தமல்லிக் குடும்பத்துச் செடி. இலையும் அதை ஒத்தே இருக்கும். பாதையோரம் இடுப்பளவுக்கு வளர்ந்து நிற்கும். உரசும்போது ஒன்றும் தெரியாது. அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால், இரண்டு, மூன்று நாள் கழித்துப் பெரிய கொப்புளங்கள் எழும். தழும்பு மறைய மாதங்களாகும். உரசிவிட்டதாகத் தோன்றினால் உடனே அந்த இடத்தைத் துணியால் மூடி வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாம்புகளில் நாகத்தைவிடப் பஃப் ஆடர் விரியனிடம்தான் கவனம் வேண்டும். நாகம் அதிர்வு உணர்ந்து விலகிவிடும், இது பாதை நடுவில் வெயில் காய்ந்தபடி அசையாமல் கிடக்கும். இறக்கத்தில் வேகமாக வரும்போது கண் மூன்று அடிக்கு முன்னால் இருக்கட்டும், கடலில் வேண்டாம்.

ஜனவரி தீக்காலமும்கூட. ஃபின்பாஸ் புதர்களில் பல, எரிந்தால்தான் விதை முளைக்கும் இயல்புடையவை. ஆனால் காற்றோடு சேர்ந்தால் தீ சில மணி நேரத்திலேயே மலையின் ஒரு பக்கத்தையே எடுத்துக்கொள்ளும். 2021 ஏப்ரல் 18-இல் ரோட்ஸ் நினைவிடம் அருகே பற்றிய தீ, கீழே இருந்த கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகம் வரை வந்து அதை எரித்தது. எந்தத் திசையில் புகை கண்டாலும் காற்று போகும் பக்கத்திலிருந்து விலகி இறங்கிவிடுங்கள். தீக்குப் பிறகு பாதைகள் பல வாரங்கள் மூடப்பட்டிருக்கும், அந்தப் பலகைகளை மதியுங்கள். எரிந்த சரிவில் கற்கள் தளர்ந்திருக்கும்.

புறப்படுவதற்கு முன் பயிற்சி. உங்களுக்கு இல்லாதது மூச்சு அன்று, இறக்கம் தாங்கும் தொடை. டிரெட்மில்லைச் சாய்த்து ஓடினால் ஏற்றம் பழகும், இறக்கம் பழகாது. சென்னையில் இருக்கிற வரை பரங்கிமலைப் படிகளையோ திருநீர்மலைப் படிகளையோ வாரம் ஒரு நாள் ஏறி இறங்குங்கள். ஏறும்போது நடங்கள், இறங்கும்போது சிறு சிறு அடிகளாக ஓடுங்கள். மாதம் ஒருமுறை ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ போய் நான்கு மணி நேரம் தொடர்ந்து காலில் நிற்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆறேழு வாரம் இதைச் செய்தால் கான்ஸ்டான்ஷியா நெக் இறக்கத்துக்குப் பிறகு மறுநாள் அலுவலகப் படியில் இறங்க முடியும்.

போட்டி ஏதாவது கிடைக்குமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 2014-இல் தொடங்கிய அல்ட்ரா டிரெயில் கேப் டவுன் நவம்பர் மாத இறுதியை ஒட்டி நடப்பது. அதன் 100 கி.மீ. பந்தயம் இங்கே சொன்ன பாதைகளில் பலவற்றைக் கோத்துக்கொண்டு போகிறது, குறைந்த தூரப் பந்தயங்களும் உண்டு. நகர மையத்திலிருந்து டெவில்ஸ் பீக், மெக்ளியர்ஸ் பீக்கன், லயன்ஸ் ஹெட் மூன்றையும் ஏறி, ஒவ்வொரு முறையும் நகரத்துக்கே திரும்பும் ‘மூன்று சிகரங்கள்’ ஓட்டமும் உங்கள் வேலை நாட்களில் வராது. ஜனவரியில் கோடை மாலைகளில் நடக்கும் சிறு தூரத் தொடர் ஓட்டங்கள்தான் உங்களுக்குப் பொருந்தும். 5 முதல் 10 கி.மீ. வரை, முன்பதிவு செய்தால் போதும். அவற்றில் ஒன்றை முதல் வாரத்திலேயே ஓடிவிட்டால், வார இறுதியில் உச்சிக்குச் சேர்ந்து போக மூன்று பேரும் அங்கேயே கிடைத்துவிடுவார்கள்.